ஆசிட் வாங்காத தோட்டம்

1921ஆம் ஆண்டிலிருந்து மூங்கிலாத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் வாங்குவதில்லை. மணியத்தின் பொறாமையே போதுமானதாக இருந்தது. மலாயாவில் சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே தள்ளி இருந்த இந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மற்ற தோட்டங்களில் பால் வாளிகள் ஸ்டோருக்கு வந்ததும், வடிகட்டித் தட்டுகளில் ஊற்றி, கண்ணாடி ஜாடியிலிருந்து ஆசிட்டை அளந்து விட்டு, உறையும்வரை காத்திருப்பார்கள். இங்கே தட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு மணியத்தை உட்காரவைப்பார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் தங்கராஜு கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிங்கப்பூர்ப் பத்திரிகையில் சபாபதியைப் பற்றி வந்த செய்தியைத் தமிழில் சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் பால் தயிராகிவிடும். கங்காணி விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவார், தட்டுகள் உருளை மெஷினுக்குப் போகும். பக்கத்துத் தோட்டத்துத் துரை இதை வந்து பார்த்துவிட்டு, தன் ஆட்களில் பொறாமை பிடித்தவர்களைப் பொறுக்கி முக்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார். ஆட்கள் நிறையக் கிடைத்தார்கள், ஆனால் ஒருவனும் தேறவில்லை. அவர் பழையபடி ஆசிட்டுக்கே எழுதிப்போட்டார்.

சபாபதியும் மணியமும் தோட்டத்துப் பந்தாட்ட அணியின் பேக்குகள். கோல்காரனுக்கு முன்னால் இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் நின்று, வருகிற பந்தைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிற வேலை. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பேக்கை, பந்து அவனைத் தாண்டிப் போன அன்றைக்கு மட்டும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். இருவரும் ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் மரம் சீவியவர்கள். வெறுங்காலோடு ஆடுவார்கள். ஒருவன் முன்னால் ஏறினால் மற்றவன் சொல்லாமலே பின்னால் இறங்குவான். சபாபதிக்குக் காலில் வேகம், மணியத்துக்குத் தலையில் கணக்கு. இருவரில் மணியம்தான் நல்ல ஆட்டக்காரன் என்று தோட்டத்தில் சொல்கிறவர்கள் உண்டு. அதில் முதல் ஆள் மணியம்.

1920இல் மாரியம்மன் திருவிழாவுக்கு இருவருமே தீ மிதிக்க வேண்டிக்கொண்டு காப்புக் கட்டிக்கொண்டார்கள். மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைப் பூசாரி சின்னத்தம்பி மணிக்கட்டில் கட்டிவிட்டால், தீ மிதித்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த வாரம் பார்த்துத்தான் அய்யூப் மரைக்காயர் ஜொகூர் பாருவிலிருந்து வந்து இறங்கினார். ரயில் நிலையத்தின் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கடையைவிடப் பந்தாட்டத்தில்தான் அவருக்குப் பைத்தியம். அவருடைய கிளப்பின் இரண்டு பேக்குகளும் மலேரியாவில் படுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் அணியோடு ஆட்டம். குளுவாங்கில் ஒருமுறை பார்த்த இந்த ஜோடியை அப்படியே கூட்டிப்போக வந்திருந்தார். காப்பைக் காட்டினார்கள். அவர் மார்க்கம் வேறானாலும் நேர்த்திக்கடன் தெரிந்தவர், அம்மனோடு வம்பு வேண்டாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் தோட்டத்து எல்லை மதகு வரைக்கும் போவதற்குள் சபாபதி குடத்துத் தண்ணீரில் கையை நனைத்து, முடிச்சை அவிழ்க்காமலே காப்பை நழுவவிட்டு, மணியத்தின் மணிக்கட்டில் மாட்டிவிட்டான்.

"டேய், என்னுதையும் சேத்து நீயே மிதிச்சிரு. ஞாயித்துக்கெழம ஆட்டம் முடிஞ்சதும் வந்துர்றேன்" என்றான்.

"பந்தப் பாத்து ஆடு, ஆளப் பாத்து ஆடாத" என்று மணியம் புத்திமதி சொல்லி அனுப்பினான். அன்றைக்கு அவனுக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, சபாபதி வரவில்லை. மணியம் இரண்டு காப்போடு தீக்குழியில் இறங்கினான். தன் பேருக்கு ஒருமுறை நடந்தபோது பச்சைப் புல்லில் நடப்பதுபோல இருந்தது. சபாபதி பேருக்குத் திரும்ப நடந்தபோது சுட்டது. பூசாரி மணியத்தின் காப்பை அவிழ்த்துவிட்டு, மற்றதைத் தொட மறுத்துவிட்டார். "இது சபாபதி பேரச் சொல்லிக் கட்டுனது. அவன் வந்து ஆத்தா முன்னால நின்னாத்தான் அவுக்க முடியும்" என்றார். ஒரு வாரம் கழித்து, இரண்டாவது பேக்குக்கும் இடம் இருக்கிறது, உடனே வரவும் என்று மரைக்காயர் சொல்லியனுப்பினார். மணியம் வேட்டியைச் சலவை செய்து கட்டிக்கொண்டு புறப்பட்டான். தோட்டத்து எல்லையில் இருக்கும் மதகுக்கு வந்ததும் கால் எழவில்லை. நாலு பேர் பிடித்துத் தள்ளிப் பார்த்தார்கள். மாட்டுவண்டியில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார்கள்; வண்டி மதகைத் தாண்டியது, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மணியம் மதகுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். காப்பை அறுக்கலாமென்றால் மரம் சீவுகிற கத்தியின் வாய்தான் மழுங்கியது. சரி, அவன் இனிமேல் இங்கேதான் என்று எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அங்கே சபாபதியின் ஏற்றம் ஆரம்பமாகியிருந்தது. ஜொகூர் பாருவில் ஆடினான். அங்கே பார்த்துச் சிங்கப்பூர்க்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்புறம் மலாக்கா, சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. அந்தக் காலத்தில் பந்தாடுவதற்கென்று சம்பளம் கிடையாது; ஏதாவது ஒரு வேலை என்று பேர் பண்ணி வைத்துக்கொள்வார்கள். ஆகவே சபாபதி மலாக்காவில் எடைக்கல் பரிசோதிக்கிற ஆபீஸில் பியூனாக இருந்தான், ஈப்போவில் ஒருநாளும் போய்ப் பார்க்காத தண்ணீர்த் தொட்டிக்குக் காவல்காரனாக இருந்தான், பினாங்குத் துறைமுகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கிளார்க்காக இருந்தான். அவன் நின்ற பக்கம் பந்து போகவில்லை. வேறொருவன் அவன் பேருக்குத் தீ மிதித்துவிட்டதால் காலில் அடியே படவில்லை. சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரன் பூட்ஸோடு ஓங்கி மிதித்ததில் பூட்ஸின் ஆணி வளைந்ததே தவிர, சபாபதி ஏதோ கொசு கடித்ததுபோலக் குனிந்து சொறிந்துகொண்டான். அப்புறம் கடல் தாண்டி மேடான், ரங்கூன், கொழும்பு. பத்திரிகையில் படம்கூட வந்தது. பாகவதர்போல முடி வளர்த்திருந்தான்.

மணியத்தின் வயிற்றெரிச்சல் முதலில் பிடிபட்டது டீக்கடையில்தான். யாரோ சபாபதியின் பேரை எடுத்ததும் அவன் கையிலிருந்த டீ திரிந்தது. கண்ணேறு என்று நினைத்து மிளகாய் உப்பு சுற்றிப் போட்டார்கள். கோளாறு கண்ணில் இல்லாதபடியால் அது பலிக்கவில்லை. பிறகு ஒருநாள் அவன் சீவிய மரங்களில் பால் கோப்பையிலேயே கட்டியாகிக் கிடந்தது. கங்காணி அடிக்கக் கை ஓங்கினார், துரை தடுத்தார். துரை படித்தவர், ஆசிட் என்ன செய்கிறதோ அதை இவன் செய்கிறான் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, மணியத்தை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றி ஸ்டோர் வேலை கொடுத்தார். முதல் வருஷம் அளவு தெரியாமல் கொஞ்சம் சேதம் ஆனது. பினாங்கில் சபாபதியின் அணி கோப்பை வாங்கிய செய்தியைக் கிராணி ஒரே மூச்சில் சொல்லிவிட, வாளியிலிருந்த பால் வாளியோடு இறுகிப்போய், வாளியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து நாளைக்கு ஒரு பத்தி என்று பிரித்துச் சொன்னார். கோப்பை, மெடல், மாலை போன்ற பெரிய செய்திகளை மழைக்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், மணியம் கெட்டவன் இல்லை. தன் பொறாமையைப் பற்றி அவனுக்கே வெட்கமாக இருந்தது. காலையில் எழுந்து, இன்றைக்குப் பொறாமைப்படக் கூடாது என்று திருநீறு பூசிக்கொண்டுதான் போவான். ஆனால் மணிக்கட்டில் அந்தக் காப்பு கிடந்தது. அவன் சுற்றுகிற ஒவ்வொரு ஊரும் நான் கட்டுண்டு கிடப்பதால் அவனுக்குக் கிடைத்த ஊர், அவன் காலில் படாத ஒவ்வொரு அடியும் என் காலில் பட்ட சூடு என்று அவனுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் உண்மையும் இருந்தபடியால் அது சீக்கிரம் ஆறவில்லை.

1924இல் செல்லத்தைக் கட்டினான். அண்ணனோடு இந்தத் தோட்டத்துக்கு வந்து களை வெட்டிக்கொண்டிருந்தவள். சிரித்தால் அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கும். வீட்டில் பால் தங்காது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். கடுங்காப்பி குடித்தால் போச்சு என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். சந்திரமதி பிறந்த பிறகுதான் வினை. தாய்ப்பால் குடித்த குழந்தையை மணியம் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அன்று காலையில்தான் ரங்கூன் செய்தி கேட்டிருந்தான். குழந்தை அவன் தோளில் கட்டி கட்டியாகக் கக்கியது. மறுபடி தூக்கினான், மறுபடி கக்கியது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தேறாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மணியம் பாயைச் சுருட்டிக்கொண்டு ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் போய்ப் படுத்தான். அதன் பிறகு அவன் மகளைத் தொட்டதில்லை. அவள் நடக்கப் பழகியதையும் பேசப் பழகியதையும் வீட்டுக்கு முன்னால் வாய்க்கால்போல ஓடிய கானுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். வாங்கிய பொம்மையை மூங்கில் கழியில் மாட்டி நீட்டினான். செல்லம் நாளும் சோற்றுச் சட்டியைக் கானின் கரையில் வைத்துவிட்டு, அவன் தின்னும்வரை எதிர்க்கரையில் உட்கார்ந்திருப்பாள்.

இனிமேல் சபாபதி செய்தி வேண்டாம் என்று கிராணியிடம் போய்க் கெஞ்சினான். அப்போது ரப்பர் விலை தரைக்கு வந்திருந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து, குடும்பத்தோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கராஜு கிராணி கல்நெஞ்சுக்காரர் இல்லை, உள்ளதைச் சொன்னார். ஆசிட் மிச்சமாகிறது என்பதால்தான் மணியம் குடும்பத்தின் பேர் இன்னும் கப்பலுக்குப் போகவில்லை. பால் உறையாவிட்டால் செல்லமும் பிள்ளையும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற வேண்டும். மதகைத் தாண்ட முடியாத மணியம் இங்கேயே நிற்பான். மணியம் யோசித்துப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். கிராணி கொழும்புச் செய்தியை வாசித்தார்.

1933 வாக்கில் பத்திரிகையில் சபாபதியின் பேர் வருவது நின்றுபோனது. வயதாகிவிட்ட பேக்கைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? பால் உறைய மத்தியானம் ஆனது, பிறகு சாயங்காலம் ஆனது. மணியத்துக்குச் சின்ன நம்பிக்கை வந்தது. கானைத் தாண்டி ஒரு காலை வைத்துக்கூடப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் கிராணி சொந்தமாகச் செய்தி தயாரிக்க ஆரம்பித்தார். சபாபதியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார், அங்கே ராஜா ஒருவரிடம் தங்கச் சங்கிலி வாங்கிக் கொடுத்தார், பிறகு கப்பலேற்றி லண்டனுக்கே அனுப்பிவிட்டார். நிஜச் செய்தியில் இல்லாத சத்து அதில் இருந்தது. பால் முன்னைவிட வேகமாக உறைந்தது. மணியம் எலும்பும் தோலுமானான்.

செல்லத்துக்கு லண்டன்தான் உறுத்தியது. வெறுங்காலில் ஆடுகிறவன் அந்தக் குளிரில் என்ன செய்வான் என்று யோசித்தாள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் ரெங்கம் ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறி, ஜொகூர் பாருவில் மரைக்காயரின் கடையில் போய் நின்றாள். தாடி வெளுத்திருந்த மரைக்காயர் அவளை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "லண்டனாவது ஒண்ணாவது. மேடான்ல ஏதோ கிழட்டு டீமுல நிக்கிறானாம். அவன் ஒரு ஊர்லயும் ரெண்டு தீபாவளி பாத்ததில்லம்மா. ஆட்டம் முடிஞ்சா கால் தானா ஸ்டேஷனுக்கு நடந்துருதாம். எல்லையில நிறுத்துற கயித்த இங்க கழட்டிப் போட்டுட்டுப் போனவன எந்த எல்லை நிறுத்தும்?"

செல்லம் இலையை மடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அந்தக் கயித்த அவர வந்து எடுத்துக்கச் சொல்லுங்க பாய். எம்புள்ளைக்கு எட்டு வயசாவுது. அவங்க அப்பா அவள ஒரு தடவகூட தூக்கல."

சேதி போய்ச் சேருவதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. மரைக்காயரின் ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக் கடை போடாத துறைமுகம் இல்லை, பந்தாட்டக்காரனும் எங்கேயாவது சோறு தின்றுதான் ஆகவேண்டும். 1935 திருவிழாவில் தீக்குழி வெட்டிக்கொண்டிருந்த அன்று, தகரப்பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு சபாபதி மதகைத் தாண்டி வந்தான். பெட்டிக்குள் ஊருக்கொரு நிறமாக ஆட்டச் சட்டைகள் இருந்தன. முடி கொட்டியிருந்தது. கோவிலுக்கு முன்னால் மணியம் நின்றான். இருவரும் பழைய வழக்கப்படி ஒருவன் இடப்பக்கமும் ஒருவன் வலப்பக்கமுமாக நின்றுகொண்டார்கள்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொன்னேன்லா" என்றான் சபாபதி. "இன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான்."

அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மணியம் இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டான்: "எந்த ஊருடா நல்லாருந்துச்சு?"

சபாபதி யோசித்துப் பார்த்தான். "ஒண்ணும் மனசுல தங்கலடா" என்றான்.

பூசாரி சின்னத்தம்பி, கிழவராகிவிட்டவர், சபாபதி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு அம்மன் முன்னால் நிறுத்தினார். கத்தியை மழுங்கடித்த கயிறு அவர் விரல் பட்டதும் அவிழ்ந்தது. சபாபதி தன் மணிக்கட்டை நீட்டி, அதே கயிற்றைக் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். கட்டியபிறகு, இனி அவிழ்க்கவே வேண்டாம் என்றும் சொன்னான். அன்று சாயங்காலம் தன் பேருக்குத் தானே தீயில் இறங்கினான். சுட்டது. எத்தனையோ வருஷமாக எதுவுமே படாத கால் அது. அவன் முகத்தில் தெரிந்தது வலியா சந்தோஷமா என்று பார்த்தவர்களுக்குள் இன்னும் தகராறு. மணியம் தீமிதிக்கு நிற்கவில்லை. நேரே மதகுக்குப் போனான். ஒரு காலை வைத்தான், மறுகாலை வைத்தான், தாண்டிவிட்டான். அந்தப் பக்கமும் ரப்பர் மரம்தான் நின்றது. கொஞ்ச தூரம் நடந்து பார்த்தான், அங்கேயும் அதேதான். திரும்பி வந்து, கானைத் தாண்டி, தன் வீட்டுக்குள் போய் மகளைத் தூக்கினான். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்குவது சுலபமில்லை; இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் இறக்கவில்லை.

மறுநாள் செல்லம் பக்கத்து வீட்டில் பால் வாங்கி டீ போட்டாள். அந்த வீட்டில் பால் காய்ந்தது அதுதான் முதல்முறை. சபாபதியையும் கூப்பிட்டிருந்தார்கள், கொப்புளம் விழுந்த காலைத் துணியால் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். மணியம் தம்ளரைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தான். டீ டீயாகவே இருந்தது. சந்திரமதி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் தம்ளரிலேயே வாயை வைத்து ஒரு வாய் குடித்தாள். செல்லம் எதற்கோ சிரித்தாள், அடுத்த லயம்வரை கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த சபாபதி அந்தப் பிள்ளையைப் பார்த்தான், சிரிக்கிற பெண்டாட்டியைப் பார்த்தான், கொடியில் தொங்கிய சின்னப் பாவாடையைப் பார்த்தான். அவன் கையிலிருந்த டீ திரிந்தது.

செல்லம் எழுந்து அவன் தம்ளரை வாங்கிக் கொட்டிவிட்டு, "இருங்கண்ணே, உங்களுக்குக் கடுங்காப்பி போட்டுத் தர்றேன்" என்றாள்.

அடுத்த வாரம் சபாபதிக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் காலியான அறையும் கிடைத்தது. மணியம் மரம் சீவப் போனான், அவன் கோப்பைகளில் பால் தண்ணீராகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பழையபடி பேக் நிற்கிறார்கள். ஓட முடியாவிட்டாலும் எங்கே நிற்பது என்று தெரிந்தவர்கள். தோட்டம் அந்த வருஷமும் ஆசிட் வாங்கவில்லை. தங்கராஜு கிராணி இப்போது பத்திரிகையைப் பிரிப்பதில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சந்திரமதிக்குக் கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறது, மணியம் வாங்கிய பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது என்று வீட்டுச் செய்தி சொல்கிறார். ஒருநாள், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு, பிறகு ஒரே தட்டில் தின்றார்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பால் வாளியோடு இறுகிவிட்டது. அதிலிருந்து அளந்துதான் சொல்லுகிறார்.